வகுப்பறையில் முதல் அறிமுகம்: செயற்பாட்டுத் தெரிவு பற்றிய சில குறிப்புகள்

பல்கலைக்கழகத்தின் முதலாம் வருட வகுப்பொன்றில் முதல் நாள் வந்து அமரும் நாற்பது மாணவரும் ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்கு எத்தகைய செயற்பாட்டினைத் தெரிவு செய்தல் வேண்டும் என்ற வினா, ஆய்விதழொன்றில் எடுத்துப் பேசப்படுவதற்குரிய கனதி உடையதா எனச் சிலர் ஐயுறக்கூடும். பெயரையும் ஊரையும் சொல்லச் செய்து, இரண்டொரு விளையாட்டுக்களை நடத்தி, சிரிப்பொலி எழுந்ததும் பாடத்தைத் தொடங்கிவிடலாம் என்பதே பொதுவான எண்ணம். ஆனால் எந்த வினாவைக் கேட்கிறோம், யாரை முதலிற் பேச வைக்கிறோம், யாரை யாரோடு இருத்துகிறோம் என்பனவெல்லாம் சமூக உறவுகளைப் பற்றிய தீர்மானங்களே என்பதும், அவற்றை நாம் எடுக்கத் தவறுமிடத்து வகுப்பறைக்கு வெளியே நிலவும் உறவுகள் தாமாகவே உள்ளே வந்து அமர்ந்துவிடும் என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

இத்தகைய செயற்பாடுகளை ஆங்கிலத்திற் பனிக்கட்டியை உடைத்தல் என்னும் உருவகத்தாற் குறிப்பர். நுவரெலியாவிற் சில காலைகளில் விழும் உறைபனியைத் தவிர வேறு பனி அறியாத எமக்கு அவ்வுருவகம் அத்துணைப் பொருந்துவதன்று. பனிக்கட்டி தானாக உறைவது. வெயில் பட்டால் உருகிவிடுவது. எமது மாணவரிடையே முதல் நாள் நிலவும் மௌனமோ பல காலமாக மனிதரால் எழுப்பப்பட்ட சுவர்களின் மௌனமாகும். எனவே இக்கட்டுரையில் அறிமுகச் செயற்பாடு என்ற சாதாரண தொடரையே ஆளுகின்றோம்.

இவ்விடயத்தின் அவசரத்தை உணர்வதற்கு, மாணவரை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தும் நிறுவனம் ஒன்று எமது பல்கலைக்கழகங்களில் ஏலவே இருந்து வருகின்றது என்பதை நினைவு கூர்ந்தால் போதும். அதன் பெயர் பகிடிவதை. 1997 ஆம் ஆண்டில் பேராதனையிற் பொறியியற்பீட முதலாம் வருட மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக இறந்தார்; அடுத்த ஆண்டில் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. எனினும் அது ஒழிந்துவிடவில்லை. முற்போக்கு அணியைச் சேர்ந்தோர் சிலரே அதற்கு நியாயங் கற்பித்து வந்துள்ளனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. செல்வன் வீட்டுப் பிள்ளையும் கூலியாளின் பிள்ளையும் ஒரே உடை உடுத்து, ஒரே பட்டப்பெயர் முறையால் அழைக்கப்பட்டு, ஒரே வசையைக் கேட்டு நிற்கும்போது வர்க்க வேற்றுமை உடைந்து சமத்துவம் பிறக்கின்றது என்பதே அந்த நியாயம். இங்கு பிறப்பது அவமதிக்கப்பட்டோரின் தற்காலிகச் சமத்துவமே. அடுத்த ஆண்டில் அதே மாணவர் புதியவரை அவமதிக்கும் உரிமையைப் பெறும்போது அதுவும் மறைந்து, வருட வரிசையிலான ஓர் அதிகாரப் படிநிலை மீள உற்பத்தி செய்யப்படுகின்றது. ஆனால் இந்நியாயத்தைக் கண்டிக்கும் விரிவுரையாளர், முதல் வாரங்களில் மாணவர் ஒருவரையொருவர் அறிவதற்குத் தாம் என்ன வழி செய்தார் என்ற வினாவுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவராவார். வெற்றிடத்தை விட்டுவைத்தவர்களும் நாமே.

இன்று ஆசிரியர் கைந்நூல்களிற் காணப்படும் அறிமுக விளையாட்டுக்கள் பெரும்பாலும் எங்கிருந்து வந்தன என்பதும் நோக்கற்பாலது. 1946 ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் கனெக்ரிக்கற் மாநிலத்திலே, இன, மதக் காழ்ப்பினை எதிர்த்துப் பணியாற்றுவோருக்கென உளவியலாளர் கேர்ட் லெவினும் அவரது சகாக்களும் பயிற்சிப் பட்டறையொன்றை நடத்தினர். லெவின் 1947 இல் இறந்த பின்னரும் அம்முயற்சி மெயின் மாநிலத்தின் பெதல் என்னும் ஊரிலே தொடர்ந்தது. சிறு குழுக்களில் அமர்ந்து தம்மைப் பற்றிப் பேசும் முறை அங்கு வளர்ச்சி பெற்றது. 1950 களிற் பெருங் கம்பனிகள் இம்முறையைத் தமது முகாமையாளர் பயிற்சிக்கு எடுத்துக் கொண்டன. இனக்காழ்ப்புக்கெதிரான கருவியாகப் பிறந்த ஒன்று, உழைப்போரிடையே கம்பனிப் பற்றை வளர்க்கும் கருவியாக மாறியமை வியப்புக்குரியதன்று. மூலதனத்தின் முதலாம் பாகத்திலே (1867) கூட்டுழைப்புப் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் இதன் அடிப்படையைக் காட்டியுள்ளார். மனிதர் ஒன்றுகூடி உழைக்கும்போது தனித்தனி ஆற்றல்களின் கூட்டுத்தொகையிலும் மிக்க ஒரு புதிய ஆற்றல் தோன்றுகின்றது என்றும், முதலாளித்துவத்தில் அவ்வாற்றல் மூலதனத்தின் ஆற்றலே போலத் தோற்றம் பெறுகின்றது என்றும் அவர் விளக்குகிறார். அதனால் முறையைக் கைவிட வேண்டியதில்லை. அது யாருக்குப் பயன்படுகின்றது என்பதையே கேட்டல் வேண்டும்.

எமது வகுப்பறைகளில் மிகப் பரவலாக வழங்குவது, மாணவர் வரிசையாக எழுந்து பெயர், ஊர், படித்த பாடசாலை ஆகியவற்றைக் கூறி அமரும் முறையாகும். நாற்பது பேருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் வீதம் நாற்பது நிமிடங்கள் கழிந்துவிடும். அதன் முடிவில் யாருக்கு யாருடைய பெயர் நினைவிருக்கும்? வட்டமாக அமர்ந்து ஒருவர்பின் ஒருவராகச் சொற்களை வாசிப்போர், தமது முறைக்குச் சற்று முன்னர் வாசிக்கப்பட்டவற்றையே மிகக் குறைவாக நினைவு கூர்கின்றனர் என்பதை மல்கம் பிரெனர் 1973 இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. தன் முறை நெருங்க நெருங்க ஒருவர் கேட்பதை விடுத்துத் தன் பேச்சையே மனதில் ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

நினைவுக் குறைவு சிறிய குறை. அம்மூன்று வினாக்களிலுமே பெரிய குறை உள்ளது. யாழ்ப்பாணத்திலே ‘எவடம்?’ என்று தொடங்கி ‘ஆற்றை பிள்ளை?’ என்று முடியும் விசாரணை ஒருவருடைய முகவரியை அறிவதற்கானதன்று என்பது அங்கு வளர்ந்தவர் அனைவருக்கும் தெரியும். ஊரின் பெயரைக் கேட்டபின் ஊரில் எந்தப் பகுதி என்று கேட்பது சாதியைக் கேட்பதற்கு நாகரிகமான மாற்றுவழியாக நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. பெயருங்கூட அவ்வாறே. கந்தசாமி என்று பெயரிட உரிமையற்றிருந்த குடும்பங்கள் கந்தன் என்றே தம் பிள்ளைகளைப் பதிய நேர்ந்த காலம் அத்துணைத் தொலைவிலில்லை. யார் யாரோடு அமர்வது என்பதும் எமக்குச் சிறு விடயமாக இருந்ததில்லை. 1930 ஆம் ஆண்டையொட்டி, உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சம ஆசனத்தில் இருத்துமாறு பணிக்கப்பட்டபோது, அதனைப் பொறாதோர் பாடசாலைகளுக்கே தீ வைத்தனர். 1945 இல் வந்த இலவசக் கல்வியும், 1960 அளவிற் கலைப்பீடங்களில் இடம்பெற்ற தாய்மொழிப் போதனையும் அப்பிள்ளைகளின் வழித்தோன்றல்களைப் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டு வந்தன. உள்ளே அழைத்து அமர்த்தும் வேலை முதல் நாள் வகுப்பில் எஞ்சியிருக்கின்றது.

ஊர் என்ற வினாவுக்கு வேறொரு பரிமாணமும் உண்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பமொன்றிற்குப் பின்னர் புத்தளத்திற் பிறந்த மாணவிக்கு ‘எந்த ஊர்?’ என்பது ஒற்றை விடையுள்ள வினாவன்று. வன்னியில் 2009 ஆம் ஆண்டினைக் குழந்தையாகக் கடந்து வந்த மாணவனிடம் ‘அப்பா என்ன செய்கிறார்? வீட்டில் எத்தனை பேர்?’ என்று சிரித்த முகத்தோடு கேட்பவர், தாம் என்ன கேட்கிறோம் என்பதை அறிந்து கேட்பதில்லை. குடும்பத்தைப் பற்றிய எந்த வினாவையும் முதல் நாட் செயற்பாட்டிற் சேர்த்தலாகாது என்பதை விதிவிலக்கற்ற விதியாகவே கூறுவோம்.

ஏனைய விளையாட்டுக்களைச் சுருக்கமாக நோக்கலாம். கைகளைக் கோத்து முடிச்சவிழ்க்கும் விளையாட்டும், அது போன்று உடல் தீண்டும் பிறவும், பெண்களே பெரும்பான்மையினராக உள்ள எமது கலைப்பீட வகுப்புக்களிற் பலருக்குச் சங்கடத்தையே தரும். போரில் அங்கம் இழந்தோரும் வகுப்பில் இருக்கக்கூடும். இரண்டு மெய்யும் ஒரு பொய்யும் சொல்லி எது பொய் எனக் கண்டுபிடிக்கச் செய்யும் விளையாட்டு, நாவன்மை உள்ளவருக்கு அரங்கும் கூச்சமுள்ளவருக்குத் தண்டனையும் ஆகும். கட்டங்கள் வரைந்த தாளொன்றைக் கொடுத்து ஒவ்வொரு கூற்றுக்கும் பொருந்துபவரைத் தேடிக் கையொப்பம் பெறச் செய்யும் விளையாட்டில், கூற்றுக்களைப் பொறுத்தே யாவும் அமையும். ‘வெளிநாடு சென்று வந்தவர்’ என்ற கட்டத்தை எழுதுபவர் வகுப்பை இரண்டாகப் பிளக்கிறார். ‘குளத்தில் நீந்தத் தெரிந்தவர்’, ‘ஒரு கூத்துப் பாட்டாவது முழுமையாகத் தெரிந்தவர்’ என எழுதுபவர் அவ்வாறு செய்வதில்லை. இருவர் இருவராகப் பேசி, பின் ஒருவர் மற்றவரை அறிமுகஞ் செய்யும் முறை வரிசை முறையிலும் மேலானது. பிறரைக் கேட்டே ஆகவேண்டிய கட்டாயம் அதிலுண்டு. ஆனால் என்ன பேசுவது என்று கூறாமல் விட்டால் அவ்விருவரும் ‘எவட’த்துக்கே திரும்பிவிடுவர்.

வெறுமனே அருகருகே இருத்துவதால் மனிதர் நெருங்கிவிடுவதில்லை என்பது ஆய்வுகளாலும் அறியப்பட்டதே. கோர்டன் ஓல்போட் 1954 இல் வெளியிட்ட காழ்ப்பின் இயல்பு பற்றிய நூலிலே, வெவ்வேறு குழுவினரிடையிலான தொடர்பு காழ்ப்பினைக் குறைப்பதற்குச் சமநிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு ஆகியவற்றை நிபந்தனைகளாகக் குறிப்பிட்டார். அதே ஆண்டில் ஒக்லகோமாவிலே முஸஃபர் ஷெரிஃபும் சகாக்களும் இருபத்திரண்டு சிறுவர்களை இரண்டு அணிகளாக்கி ஒரு முகாமிற் பரிசோதனை நடத்தினர். போட்டிகள் அவர்களைப் பகைவராக்கின. பின்னர் ஒரே கூடத்தில் உணவருந்தச் செய்தும் படம் பார்க்கச் செய்தும் பகை தணியவில்லை. உணவு வேளை உணவெறியும் வேளையாயிற்று. முகாமுக்கான நீர் தடைப்பட்டு, எல்லோரும் சேர்ந்தே அதனைச் சரிசெய்ய வேண்டி வந்தது போன்ற சந்தர்ப்பங்கள் தொடர்ந்து ஏற்பட்டபோதே அது தணிந்தது. (ஆய்வாளரே சிறுவரிடையே பகையை மூட்டினர் என்ற கண்டனம் நியாயமானது. அத்தகைய ஆய்வொன்றை இன்று எவரும் செய்ய அனுமதியார்.) 1971 இல் ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில், இனப்பிரிப்பு நீக்கப்பட்ட பாடசாலைகளில் எழுந்த மோதல்களை அடுத்து எலியற் அரன்சன் வகுத்த முறையிலே பாடம் பல துண்டுகளாக்கப்பட்டது, ஒவ்வொரு மாணவரும் ஒரு துண்டைக் கற்று ஏனையோருக்குக் கற்பிக்க வேண்டும். ஒருவருடைய துண்டு மற்றவருக்குத் தேவைப்பட்டமையால், அவரைக் கேலி செய்வது கேலி செய்பவருக்கே நட்டமாயிற்று.

இவற்றை அறிந்திருந்தும் நாம் ஒருமுறை பெரும் பிழை செய்தோம். வர்க்கம் பற்றிய உணர்வை முதல் நாளிலேயே ஏற்படுத்த வேண்டும் என்ற ஆர்வத்தினால், மாணவரை ஒரு சுவரோரமாக நிறுத்தி, கூற்றுக்களை ஒவ்வொன்றாக வாசித்து, பொருந்துபவரை ஓரடி முன்னே வைக்கச் செய்தோம். ‘வீட்டிற் படிப்பதற்குத் தனி மேசை இருந்தவர்’, ‘பெற்றோரில் ஒருவராவது உயர்தரம் வரை படித்தவர்’, ‘மின்சாரம் இல்லாத வீட்டில் ஒருபோதும் வசிக்காதவர்’ என்றவாறு பன்னிரண்டு கூற்றுக்கள். முடிவில் மூவர் சுவரோடு நின்றனர். முன்னே சென்றவர்கள் திரும்பிப் பார்த்தனர். எதிர்பார்த்த விவாதம் எழவில்லை. அம்மூவருள் ஒருவரான மலையக மாணவி அடுத்த இரண்டு வகுப்புக்களுக்கும் வரவில்லை. பின்னர் விசாரித்தபோது அவர் கோபமின்றிச் சொன்னார்: “எங்களுக்குத் தெரிஞ்சதத்தானே சேர் மத்தவங்களுக்குக் காட்டினீங்க.”

அக்கூற்று எமது கோட்பாட்டுப் பிழையையும் சுட்டிற்று என்பதைப் பிற்பாடே உணர்ந்தோம். தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு ஏலவே தெரியும். முன்வரிசையினரின் அறிவுக்காக அவர் பாடப்பொருளாக ஆக்கப்பட்டார். அதுமட்டுமன்று. வர்க்கம் என்பது மனிதரிடையேயான உறவு. உற்பத்தியில் யார் எதனை உடையவர், யார் யாருக்காக உழைக்கிறார் என்பது. அடிவைக்கும் விளையாட்டோ அதனை ஓர் ஏணியில் ஆளாளுக்குரிய படியாகவும், தனிமனிதரின் பேறாகவும் குறையாகவும் காட்டுகின்றது. வகுப்பிலே நாம் மறுத்துரைக்கும் சமூகவியலையே அன்று தரையிற் கோடிட்டுக் காட்டியிருந்தோம்.

அதற்குப் பிறகு வேறொரு செயற்பாட்டினை வகுத்துக் கொண்டோம். அதன் அமைப்பு எளிது. ஐவர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும், தமது ஊரில் ஏதாவதொரு தொழில் தொடர்பாக வழங்குவதும் மற்ற நால்வருக்கும் தெரிந்திராது எனத் தாம் கருதுவதுமான ஒரு சொல்லைக் கூறுவார். ஏனையோர் முதலிற் பொருளை ஊகிப்பர். பின் அத்தொழில் எவ்வாறு நடைபெறுகின்றது, அதில் யார் யாருக்குக் கட்டளையிடுகிறார், கூலி எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்றெல்லாம் கேட்பர். இறுதியில் ஒவ்வொரு சொல்லையும், அதனைக் கொண்டு வந்தவரல்லாத வேறொருவர் வகுப்புக்கு விளக்குவார். யாரை விளக்கச் சொல்வோம் என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆதலால் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டே ஆகவேண்டும்.

முதன்முறை இதனை நடத்தியபோது வந்த சொற்களிற் சில இன்னும் எமது குறிப்பேட்டில் உள்ளன. மலையக மாணவர் ‘பெரட்டு’ என்ற சொல்லைத் தந்தார். விடியற்காலையில் தொழிலாளரைக் கூட்டி அன்றைய வேலையைப் பகிர்ந்தளிப்பது அது. அதனை விளக்கப் புகுந்தவர் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் விளக்காமல் அப்பால் நகர முடியவில்லை. மட்டக்களப்பிலிருந்து ‘முல்லைக்காரன்’ வந்தது. வயல் வேலையையும் வேலையாட்களையும் கவனிக்கும் அவனைப் பற்றிச் சொல்லப் போடியாரைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. கரையோர மாணவனொருவன் ‘சம்மாட்டி’யைத் தந்தான். வடமராட்சி மாணவி ‘வடலி’ என்றதும், அது இளம் பனை என்று அறிந்தவர்கள் இது தொழிற் சொல்லா என வாதிட்டனர். வடலி யாருடைய காணியில் நிற்கிறது, அதன் ஓலையை வெட்டும் உரிமை யாருக்கு என்று அவர் திருப்பிக் கேட்டதும் வாதம் வேறு திசையிற் சென்றது. கொழும்பு மாணவன் தன்னிடம் அப்படியான சொல் எதுவுமில்லை என்று நெடுநேரம் கூறிக்கொண்டிருந்துவிட்டு, புறக்கோட்டையில் மூட்டை சுமப்போரை ‘நாட்டாமி’ என்பர் என்றான். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஊர்த்தலைவனைக் குறிக்கும் நாட்டாமை என்ற சொல்லும் இதுவும் எவ்வாறு தொடர்புறக்கூடும் என்பது பற்றி அன்றைய வகுப்பின் எஞ்சிய நேரம் முழுவதும் பேசப்பட்டது.

தொழிற் சொற்கள் தனிமனிதரைக் குறிப்பதிலும் பார்க்க மனிதரிடையேயான உறவுகளையே குறிக்கின்றன. அடிவைக்கும் விளையாட்டுக் காட்டத் தவறியதை அவை இயல்பாகவே காட்டின. இச்செயற்பாட்டிலும் மாணவரின் வர்க்கப் பின்னணி வெளிப்படவில்லையா என்று கேட்கலாம். வெளிப்படுகின்றது, ஆனால் எதனை வெளிப்படுத்துவது என்பதை மாணவரே தெரிவு செய்கிறார். பிறர் அவரைப் பார்ப்பதில்லை, அவரிடம் கேட்கிறார்கள். பெரட்டைப் பற்றி அக்குழுவில் அவரைவிட அறிந்தவர் எவருமில்லை. உள்ளதைச் சொல்ல விரும்பாதவர் தாம் அறிந்த அயலூர்ச் சொல்லொன்றைத் தரவும் இடமுண்டு. அதனை யாரும் சோதிப்பதில்லை. தொழிற் சொற்கள் கடினமாகத் தோன்றும் வகுப்புக்களில், ஒரே கருத்துக்குரிய வழக்குச் சொற்களைத் திரட்டச் செய்வதும் பயன் தரும். யாழ்ப்பாணத்தவரின் ‘பேந்து’, மட்டக்களப்பாரின் ‘மறுகா’, மலையகத்தவரின் ‘அப்புறம்’ ஆகிய மூன்றும் ஒரு தாளில் அருகருகே எழுதப்பட்டதும், எது செந்தமிழுக்கு அண்மையது என்ற பழைய மேட்டிமைப் பேச்சு எழவே செய்யும். ஆசிரியர் அதனை அடக்காது, மொழியியல் வகுப்புக்கெனக் குறித்து வைத்துக் கொள்ளலாம்.

நடைமுறை பற்றிச் சில கூறவேண்டும். குழுக்களை மாணவரின் விருப்பிற்கு விட்டால் ஊர்க்காரர் ஊர்க்காரரோடு சேர்வர். ‘ஊருக்கு ஒருவர் வாருங்கள்’ என்றால் அவரவரை ஊரின் பிரதிநிதியாக முத்திரை குத்தியதாகும். இருந்த வரிசையிலேயே ஒன்று முதல் எட்டு வரை எண்ணச் செய்து, ஒரே எண்ணுக்குரியோரை ஒரு குழுவாக்குவதே தக்கது. அறிந்தவர்கள் அருகருகே அமர்வது வழக்கமாதலால் எண்ணிக்கை அவர்களைத் தானாகவே பிரித்துவிடும். கதிரைகளை வட்டமாக நகர்த்த முடியாத படிவரிசை மண்டபங்களில் இச்செயற்பாடு சிறக்காது. ரியூட்டோரியல் அறையே பொருத்தமானது. விரிவுரையாளரும் ஒரு குழுவில் அமர்ந்து தமது சொல்லொன்றைத் தருதல் வேண்டும். அவர் மட்டும் மேசைக்குப் பின்னால் நின்றால் ஓல்போட் கூறிய சமநிலை முதல் நிமிடத்திலேயே கெட்டுவிடும். அவ்வாறு அமர்ந்த எமது சொல்லை மாணவர் ஒரு நொடியில் ஊகித்துவிட்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெயர்களை அறிவதற்கென்று தனிச் செயற்பாடு தேவையில்லை. சொல்லை விளக்குபவர் “இதனைத் தந்தவர் இன்னார்” என்று தொடங்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனை போதும். பெயர் ஒரு சொல்லோடும் ஒரு தொழிலோடும் சேர்ந்து நினைவில் நிற்கும்.

இதிலிருந்து எதிர்பார்க்கக் கூடியதன் அளவையும் உணர்ந்து கொள்ளல் வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் 780 இணைகள் உள்ளன. ஐவர் கொண்ட எட்டுக் குழுக்களில் ஒரு முறை பேசினால் 80 இணைகளே ஒருவரையொருவர் அறிகின்றன. அடுத்த வாரம் முற்றாக மாற்றியமைத்த குழுக்களில் மீண்டும் பேசினால் 160, அதாவது ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. எனவே முதல் நாளோடு முடித்துவிடாது முதல் மூன்று வாரங்களிலும் குழுக்களை மாற்றி மாற்றிப் பாடத்தையே கூட்டாகச் செய்விப்பது நன்று. பகிடிவதை உச்சமடைவதும் பெரும்பாலும் இத்தொடக்க வாரங்களிலேயே.

ஒரு செயற்பாடு பயன்பட்டதா என்பதை அன்றெழும் சிரிப்பொலியைக் கொண்டு நாம் அளப்பதில்லை. மூன்றாம் வாரத்தில் யார் யாரோடு அமர்கிறார் என்பதைத் தாளிற் குறித்துக் கொள்கிறோம். முதல் நாளில் யாழ்ப்பாண வரிசை, மட்டக்களப்பு வரிசை, முஸ்லிம் மாணவியரின் வரிசை, பின்சுவரோர மலையக வரிசை என்றிருந்த அமைப்பு, மேற்கூறிய வகுப்பில் மூன்றாம் வாரமளவிற் பெரிதும் குலைந்திருந்தது. ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் அமர்வது மட்டும் மாறவில்லை; அதற்கேற்ற செயற்பாட்டினை நாம் இன்னும் கண்டுகொள்ளவில்லை.